எடைக்கல்

மெஷினில் வந்த எண் 342.

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம். கரியாலூரில் இன்னும் பொழுது முழுதாக விடியவில்லை. மலைமேல் படிந்த மூட்டம் சன்னல் கம்பிவரை வந்து நின்றது. வெறும் வயிற்றில் அம்மாவுக்கு சுகர் பார்ப்பது என் காலை வேலைகளில் முதலாவது. அதன் பிறகுதான் உலை வைப்பேன், பள்ளிக்குக் கிளம்புவேன். அதற்கு முன் இரண்டு வாரமாக 130, 145 என்று வந்துகொண்டிருந்த எண், அன்றைக்கு ஒரே தாவலில் 342-க்குப் போயிருந்தது.

"ஏண்டி, எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார் அம்மா. தாகம் இல்லை, ராத்திரி எழுந்து எழுந்து போகவில்லை, தலை கிறுகிறுக்கவில்லை. நான் காது கொடுக்கவில்லை. எண் கண்ணெதிரே இருக்கும்போது அம்மா சொல்வதை எப்படி நம்புவது? வழக்கமாகப் போடும் 18 யூனிட் இன்சுலினை 24 ஆக்கிவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றார் பக்கத்து வீட்டு ஆயா. முந்தின நாள் மாலை தன் காட்டுப் பலாப்பழம் ஒன்றைக் கொடுத்துப் போயிருந்தார். பாத்திரத்தைத் திருப்பி வாங்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"ஒரு வாட்டிதானே பார்த்தே? இன்னொரு வாட்டி பாரு. ஒரு வாட்டி நிறுத்ததை வச்சு யாராவது மூட்டையைக் கொடுப்பாங்களா?"

அந்தக் கேள்வியில்தான் என் கை நின்றது. அப்போதுதான் அம்மாவின் விரல்களைச் சரியாகப் பார்த்தேன். விடியலுக்கு முன்பே எழுந்து, பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பப் பலாச் சுளைகளை எடுத்து வைத்திருக்கிறார். பால் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, வேலை முடிந்ததும் துணியில் துடைத்திருக்கிறார். தண்ணீர் படவில்லை. ஒரு சுளைகூட வாயில் போடவில்லை என்று சத்தியம் செய்தார். அது உண்மைதான். பழம் வாய்க்குப் போகவில்லை, விரலில் இருந்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, வேறொரு விரலில் குத்திப் பார்த்தேன். 138.

ஊசியை 18-லேயே நிறுத்தினேன். அன்றைக்கு ஆறு யூனிட் கூடுதலாக ஏறியிருந்தால், நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தனியாக அந்த வீட்டில் மயங்கிக் கிடந்திருப்பார்.

குத்துவதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேனே என்ற கேள்வி என்னை அரித்தது. பின்னாளில் விடை கிடைத்தது. ஜப்பானிய மருத்துவர்கள் 2011-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரல் ரத்தத்தைப் பார்த்தார்கள். அளவு தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் பலமுறை துடைத்தும் முழுதாக இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பில்லை. மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரத்தம், சில மெஷின்களுக்கு அதிலும் பாதி. அந்தத் துளியின் அளவை 138-லிருந்து 342-க்கு உயர்த்த, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இரண்டு பங்கு குளுக்கோஸ் போதும். பலாச் சுளை தொட்ட விரலில் அதைவிட எத்தனையோ மடங்கு ஒட்டியிருக்கும்.

*

கரியாலூர் கல்வராயன் மலையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை. 2000 முதல் 3000 அடி உயரமுள்ள மலை இது. கோடையில் பெரியார் அருவிக்கும் படகு குழாமுக்கும் வருகிறவர்கள் ஊரை அழகு என்பார்கள். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அளவு, கீழே இறங்கும் நேரம். ஆய்வுக்கூடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். வெறும் வயிற்றில் இன்சுலின் போடாமல் அறுபது வயதைத் தாண்டிய அம்மாவைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது பெரிய பாடு. அதனால்தான் வேலை மாறி இங்கே வந்த உடனே சுகர் மெஷின் வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்கு இந்த நோய் புதிதில்லை. தாத்தாவின் காலத்தில் கண்ணாடிக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் திரவத்தை ஊற்றி, அதில் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் நிறம் வந்தால் வீடே அமைதியாகிவிடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. 170-லும் நீலம்தான். 50-க்கு இறங்கினாலும் அதே நீலம். எத்தனை நாள் அந்த நீலத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினோம்!

விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் கருவி 1970 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள அதை மருத்துவமனைகளுக்கென்றே செய்திருந்தார்கள். சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோயோடு வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், மருத்துவரான தன் மனைவியின் பெயரில் ஒன்றை வரவழைத்துத் தன் வீட்டிலேயே நாளுக்குப் பல முறை அளக்கத் தொடங்கினார். நோயாளி தன் ரத்தத்தைத் தானே அளக்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. அவர் சலிக்காமல் எழுதினார், வாதாடினார், பிறகு தானே மருத்துவம் படித்தார். அவர் போராடி வாங்கிக் கொடுத்த உரிமைதான் எங்கள் சமையலறை அலமாரியில் கைக்கு அடக்கமாக இருந்தது. உரிமை கைக்கு வந்துவிட்டது. அளவைச் சோதிக்கும் பொறுப்பும் கூடவே வந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

*

பலாப்பழ நாளுக்குப் பிறகு ஆயாவின் கேள்வி எனக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் அவர் வீட்டில் கடுக்காய் எடை போடுவதைப் பார்த்தேன். கீழேயிருந்து வந்த வியாபாரி கொக்கித் தராசைத் தூக்கிப் பிடித்தார். ஆயா மூட்டையை மாட்டவில்லை. உள்ளே போய்ப் பழைய துணியில் முடிந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். முள் ஐந்தில் நின்றது. "சரி, இப்ப மூட்டையை மாட்டு" என்றார்.

அந்தக் கல்லை அவர் எப்போதோ ரேஷன் கடைத் தராசில் நிறுத்து, ஐந்து கிலோ என்று உறுதிசெய்து வைத்திருந்தார். 1976-இல் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது அவர் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர். கடுக்காய், தேன், சாமை, சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு என்று வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் தராசில் தன் உழைப்பை நிறுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தராசை எப்படி விசாரிப்பது என்று தெரியும்.

சுகர் மெஷினுக்கும் அப்படி ஓர் எடைக்கல் இருக்கிறது. 'கன்ட்ரோல் சொல்யூஷன்' என்பார்கள். இத்தனை அளவு குளுக்கோஸ் என்று முன்பே தெரிந்த திரவம், சிறு குப்பியில் வரும். ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் வரவேண்டும். கள்ளக்குறிச்சியில் நான்கு மருந்துக் கடைகளில் கேட்டேன். மெஷின் விற்றார்கள், ஸ்ட்ரிப் விற்றார்கள். இந்தக் குப்பியைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. சொல்லிவைத்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது.

அது வந்த நேரம் நல்ல நேரம். அந்த ஐப்பசியில் விடாத மழை. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி ஓரத்தில் விரிசல் விட்டிருந்ததால் எல்லா ஸ்ட்ரிப்புகளையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மாற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலை அளவுகள் மேலும் கீழுமாக ஆடின. ஒரே விரலில், அடுத்தடுத்த துளிகளில் மூன்று முறை பார்த்தேன்: 112, 149, 181. கன்ட்ரோல் சொட்டை விட்டுப் பார்த்தபோது எண் எல்லைக்கு வெளியே நின்றது. புது டப்பாவைத் திறந்து அதே சொட்டை விட்டேன். எல்லைக்குள் வந்தது. கோளாறு மெஷினில் இல்லை, ஸ்ட்ரிப்பில் இருந்தது.

ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி பூசியிருக்கிறது. அது ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது பிறக்கும் மெல்லிய மின்னோட்டத்தைத்தான் மெஷின் எண்ணாக்கிக் காட்டுகிறது. ஈரமும் சூடும் அந்த நொதியைக் கெடுக்கும். டப்பாவின் உள்சுவரிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். அப்பளத்தை மழைக்காலத்தில் எப்படிப் பொத்திப் பொத்தி வைப்போமோ அப்படி ஸ்ட்ரிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடினேன். டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதினேன்.

*

மெஷினைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவள், ஆய்வுக்கூடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அடுத்த பாடம் அங்கே கிடைத்தது.

மலையில் ஒரு மருத்துவ முகாம். காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அதே நேரத்தில் வீட்டு மெஷினில் 168. மாலையில் கீழேயிருந்து வந்த முடிவு 139. "உன் மெஷின் சும்மா பயமுறுத்துது" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. மெஷின் காட்டியதில் முப்பதைக் கழித்துக்கொள்வது என்று நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். இரண்டு மாதம் அந்தக் கணக்கிலேயே ஓடியது.

பிறகு கீழே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் டெக்னீஷியன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது: "எந்த மூடி போட்ட குழாயில எடுத்தாங்க? எத்தனை மணிக்கு ஓட்டினாங்க?"

சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் புளோரைடு இருக்கும். அது இல்லாத சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம், உடம்பை விட்டு வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், வெயில் ஏறினால் இன்னும் வேகமாக. அம்மாவின் ரத்தம் சிவப்பு மூடிக் குழாயில், ஜீப்பில், வளைவு வளைவாக இறங்கி, மற்ற ஊர் ரத்தங்களோடு சேர்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறது. 168-ஐ மணிக்கு 6 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தால் மூன்று மணி நேரத்தில் 140. ஆய்வுக்கூடத்தின் கருவி சரியாகவே அளந்திருக்கிறது. ஆனால் அது அளந்தது காலை ஏழு மணி ரத்தத்தை அல்ல.

ஒப்பிடும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். வெறும் வயிற்றில் வரவேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த நேரத்தில் ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. நம் மெஷினை நாமே கொண்டுவர வேண்டும். கூடத்தில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். குழாயைத் தாமதமின்றிச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அப்படியே செய்தோம். கூடம் 142, மெஷின் 151. வித்தியாசம் ஆறு சதவீதத்துக்கும் சற்று மேல். எங்கள் மெஷின் நல்ல மெஷின். முப்பதைக் கழித்துக் கழித்து, அம்மாவின் உயர்ந்த சர்க்கரையை இரண்டு மாதம் நாங்களே மறைத்துவைத்திருந்தோம்.

*

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு உலக அளவில் ஒரு தரம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 15197 என்ற அந்தத் தரத்தின் 2013 பதிப்பின்படி, 100-க்கு மேலான அளவுகளில் 100 முறை பார்த்தால் 95 முறையாவது உண்மையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அதாவது உண்மை 200 என்றால் மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேர்ச்சி பெற்ற மெஷின்தான். உண்மை 60 என்றால் 75 வரை காட்டலாம். பெட்டிமேல் தரம் அச்சிட்டிருந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் விற்பனையிலிருந்த 18 மெஷின்களைச் சுதந்திரமாகச் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறத்தாழ இதே அளவுகோலில் எல்லாச் சுற்றிலும் தேறியவை ஆறு மட்டுமே.

இந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். அவர் ஒவ்வொரு புள்ளியையும் பரீட்சை மார்க்காகப் பார்த்தார். நேற்று மாலை 196, இன்று மாலை 212 என்றால் தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து இரண்டு இட்லியை ஒன்றாக்குவார். 196-க்கும் 212-க்கும் நடுவில் உள்ள தூரம் மெஷினின் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அது சர்க்கரை ஏறியதற்குச் சாட்சி ஆகாது. ஒரு வாரத்தின் போக்குதான் சாட்சி. நான் அதைப் புரிந்துகொண்டு அவருக்குச் சொல்வதற்குள் 2020 ஜனவரி வந்துவிட்டது.

அன்று மாலை 212. இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். இரவு ஒரு மணிக்கு என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சித்தி இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மலைக் குளிரில் போர்வை நனையும்படி வியர்வை. கை நடுங்கியது. விரலைக் கழுவித் துடைத்துக் குத்திப் பார்த்தேன். 94.

94 நல்ல எண். அந்த எண்ணை நம்பியிருந்தால் வியர்வைக்கு வேறு காரணம் தேடி விடியும்வரை காத்திருந்திருப்பேன். பலாப்பழ நாளில் "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று எண்ணை நம்பி உடம்பை ஒதுக்கினேன். இன்று உடம்பு அத்தனை சத்தமாகப் பேசுகிறது. அலமாரியில் ஆயா கொடுத்த மலைத்தேன் இருந்தது. அம்மாவுக்கு நினைவு முழுதும் தப்பவில்லை, விழுங்க முடிந்தது. தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் என் பெயரைச் சொன்னார்.

மருத்துவர் பழைய அறிக்கைகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: ஹீமோகுளோபின் 7.8. ரத்தச் சோகை இருந்தால் சிவப்பணுக்கள் குறைவு, பிளாஸ்மாவின் பங்கு அதிகம். துளியிலுள்ள குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பின் நொதியை எளிதாக எட்டிவிடுவதால் மெஷின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 முதல் 55 சதவீதம் வரை இருப்பவர்களுக்கே அளவு பொருந்தும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு 24 சதவீதம்கூட இல்லை. ரத்தச் சோகை நம் பெண்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது! எத்தனை வீடுகளில் இப்படி ஒரு நல்ல எண் ஆபத்தின்மேல் போர்வை போர்த்தியிருக்கும்!

அன்றிலிருந்து எங்கள் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்ந்தது. உடம்பு எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டார், கை கழுவியாயிற்றா. மருத்துவர் எண்களைவிட அந்தப் பத்தியைத்தான் அதிக நேரம் படிப்பார்.

*

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில், 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியும் சுகர் மெஷினும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வரத் தொடங்கினார்கள். தாத்தா காலத்து நீலக் குழாயை நினைத்தால் இது எத்தனை பெரிய தூரம்! இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரும் ஆய்வுக்கூடத்துக்கு நடக்க முடியாது. மெஷின்தான் அவர்களிடம் போக வேண்டும். போகும்போது கழுவிய கையும், மூடிய டப்பாவும், இன்னொரு வாட்டி பார்க்கும் பொறுமையும் சேர்ந்து போக வேண்டும்.

அம்மா இப்போது இல்லை. சிறுநீரகம் கைவிட்டது. நான் கீழே வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். போன ஆவணியில் ஆயாவைப் பார்க்கக் கரியாலூருக்குப் போனேன். நான் இருக்கும்போதே சுகர் பார்க்கும் பெண் வந்தாள். சிறு வயது, நிறைய வீடுகள் பாக்கி, கையில் அவசரம். ஸ்ட்ரிப்பைச் செருகிவிட்டு விரலைக் கேட்டாள்.

ஆயா விரலைத் தரவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மெல்ல நடந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். முந்தானையில் ஈரம் ஒற்றி, திரும்பி வந்து உட்கார்ந்து, மோதிர விரலை நீட்டினார்.

"இப்ப நிறு" என்றார்.